காசா, காதா?

"காது கேக்கலைன்னு தானா யாரும் வர்றதில்ல சார். டிவி சத்தம் தாங்க முடியலன்னு வீட்டம்மா இழுத்துக்கிட்டு வருவாங்க" என்றார் அந்தச் செவிலியர். நெய்வேலியை ஒட்டிய மந்தாரக்குப்பத்தில் ஒரு சிறிய கிளினிக். டாக்டரிடம் போகும் முன் காதுக்காரர்கள் எல்லோரும் இவரைத் தாண்டித்தான் போக வேண்டும். டவுன்ஷிப் வட்டங்களிலிருந்தும் முந்திரித்தோப்பு கிராமங்களிலிருந்தும் வருகிறார்கள். நெய்வேலி, 1962இல் சோவியத் உதவியோடு முதல் அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கிய ஊர். டர்பைன், பாய்லர், சுரங்கத்தில் மண்ணை வாரும் ராட்சதச் சக்கர இயந்திரம், கன்வேயர் பெல்ட் என்று இரைச்சலோடேயே சம்பாதித்த குடும்பங்கள் இங்கே நிறைய.

அன்றைக்கு வந்தவர் பவர் ஹவுஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவியும் கூட வந்திருந்தார். செவிலியர் கருவி எதையும் எடுக்கவில்லை. பெயர், வயது, சர்க்கரை உண்டா என்று விசாரித்தபடியே எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். முதுகைக் காட்டிக்கொண்டே அடுத்த கேள்வியைக் கேட்டார். பெரியவரிடமிருந்து பதில் இல்லை. அதுவரை உதட்டைப் பார்த்துத்தான் பேசியிருக்கிறார். என்னைக் கேட்டால் பாதிப் பரிசோதனை அங்கேயே முடிந்துவிட்டது.

பிறகு விரல்களின் வேலை. காதுக்குப் பின்னாலிருக்கும் எலும்பை அழுத்தினார், காது மடலை மெல்ல அசைத்தார், துளைக்கு முன்னாலிருக்கும் சிறு குருத்தை அமுக்கினார். மடலை அசைக்கும்போது வலித்தால் கோளாறு பெரும்பாலும் வெளிக்காதில். பெரியவருக்கு வலி இல்லை. ஓட்டோஸ்கோப்பைப் பேனாவைப் போலப் பிடித்து, சுண்டுவிரலை அவர் கன்னத்தில் ஊன்றிக்கொண்டார். தலை திடீரென்று திரும்பினாலும் கையும் கூடவே போகும், முனை உள்ளே குத்தாது. பெரியவர்களுக்கு மடலை மேலும் பின்னுமாக இழுத்தால்தான் வளைந்த குழாய் நேராகும். கைக்குழந்தைக்குக் கீழ்நோக்கி இழுக்க வேண்டும்.

இடது காதில் கறுத்து இறுகிய குறும்பி. "என்ன போட்டுக் குடைவீங்க?" என்றதும் பெரியவர் சட்டைப் பையைப் பார்த்தார். தீக்குச்சி, ஊக்கு, ஹேர்பின், கோழி இறகு, பைக் சாவி என்று செவிலியர் பார்த்த ஆயுதங்கள் பல. கடையில் விற்கும் பட்ஸும் அழுக்கை உள்ளேதான் தள்ளுகிறது. முதலில் சில நாள் சொட்டு மருந்து, பிறகு தண்ணீர் பீய்ச்சிக் கழுவுதல். தண்ணீர் உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும். சில்லென்றோ கொதிப்பாகவோ போனால் தலை சுற்றி வாந்தி வரும். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் தண்ணீரே கூடாது. சர்க்கரைக்காரர்கள் என்றால் டாக்டரைக் கேட்காமல் இவர் கை வைப்பதில்லை.

வலது காது சுத்தம். செவிப்பறை முத்துச்சிப்பி நிறத்தில், வெளிச்சம் பட்டு மினுங்கியது. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. நெய்வேலிக் காதுகளில் ஏமாற்றுவது இந்த இடம்தான் என்றார் செவிலியர். இரைச்சல் கெடுப்பது செவிப்பறையை அல்ல, அதற்கும் உள்ளே நத்தைக்கூடு போலச் சுருண்ட உறுப்பிலுள்ள நுண்மயிர் செல்களை. அவை போனால் திரும்ப முளைப்பதில்லை. 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையை முழங்கையில் தட்டி வலது காதின் பின்னெலும்பிலும் துளைக்கு எதிரிலும் மாற்றி மாற்றிக் காட்டினார். காற்று வழியாகத்தான் நன்றாகக் கேட்கிறது என்றார் பெரியவர். நல்ல காதுள்ளவரும் அதையேதான் சொல்வார்.

அதனால் செவிலியர் தம் சொந்த வித்தையைக் கையாள்கிறார். பின்னால் ஒரு கை தூரத்தில் நின்று, சோதிக்காத காதை விரலால் தேய்த்து மறைத்துக்கொண்டு, மூச்சுக் காற்றில் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "மாமா." பெரியவர் சரியாகத் திருப்பிச் சொன்னார். "ஆறு." சரி. "காசு." பெரியவர் "காது" என்றார். "ஊசி"க்கு "ஊதி" வந்தது. மனைவி சிரித்துவிட்டார். "வீட்டுலயும் இதே கூத்துதான் சிஸ்டர். ஒண்ணு சொன்னா வேற ஒண்ணைக் கொண்டாருவாரு."

உயிரொலிகள் தாழ்ந்த சுருதியில் வலுவாக இருக்கின்றன. 'ச'வின் சீறல் உச்சத்தில் இருக்கிறது. இரைச்சல் முதலில் தின்பது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியை. அதனால்தான் இவர்கள் எல்லோரும் ஒரே புகாரைச் சொல்கிறார்கள்: சத்தம் கேட்கிறது, பேச்சு விளங்கவில்லை. மனைவி உரக்கக் கத்தினாலும் பயனில்லை. வெளிச்சத்தில் முகம் பார்த்து நிதானமாகப் பேசச் சொல்லிக்கொடுத்தார் செவிலியர்.

கேட்கும் திறனைக் கோடாக வரைந்து காட்டும் ஆடியோகிராம் எடுத்தால் 4,000இல் கோடு பள்ளமாக இறங்கி, 8,000இல் சற்று ஏறும். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடதுக்கு நீலப் பெருக்கல் குறி. ஷிப்ட் முடிந்த கையோடு எடுக்கக் கூடாது. களைத்த காது உள்ளதைவிட மோசமாகக் காட்டும்.

சட்டத்துக்கு இது தெரியாமல் இல்லை. தொழிற்சாலைச் சட்டம், 1948இன் மூன்றாம் அட்டவணையிலேயே இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மையும் இருந்தது. எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல்தான் உச்சம் என்றன அதன் விதிகள். 85லேயே காக்க வேண்டும் என்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டாவது கட்சிதான் சரியாகப் படுகிறது. இரைச்சலில் வேலை செய்பவர்கள் காதுமூடியை ஏன் கழற்றுகிறார்கள் என்று பெரியவரிடம் கேட்டேன். வேர்வை, பிறகு பக்கத்து ஆள் கூப்பிடுவது கேட்காது என்றார்.

சீட்டை எழுதிக்கொண்டே செவிலியர் மனைவியிடம், "பையன் எங்க இருக்கான்?" என்றார். சுரங்கத்தில் காண்ட்ராக்டில் சேரப் போகிறானாம். "சேர்றதுக்கு முன்னாடி ஒரு ஆடியோகிராம் எடுத்துடுங்கம்மா. அஞ்சு வருசம் கழிச்சு எவ்வளவு இறங்கியிருக்குன்னு பாக்க இன்னிக்குக் கணக்கு வேணும்" என்று தேதியைக் குறித்துக் கொடுத்தார்.