பொங்குமாங்கடல்

தென்காசிக் கோபுரத்தைத் தாண்டி மேற்கே மூன்று மைல் சென்றால், குற்றாலச் சாரல் நம்மை எதிர்கொண்டு அழைக்கிறது. அன்னிய தேசங்களில் எரிமலைகளின் வாயில் ஏரிகள் உண்டு. அவற்றைக் காண ஜனங்கள் கடல் கடந்து செல்கிறார்கள். நம் திரிகூட மலையில் நெருப்புக்கு வேலையில்லை. எல்லாம் நீர் செய்த விந்தையே. பேரருவியில், சிற்றாற்று வெள்ளம் யுகயுகமாக விழுந்து பாறையைக் குடைந்த பள்ளந்தான் பொங்குமாங்கடல். உச்சியிலிருந்து வரும் வேகத்தை அது தான் வாங்கிக்கொண்டு, மிச்சத்தையே கீழே அனுப்புகிறது. அதனாலன்றோ நாம் அருவிக்குத் தலைகொடுத்து நிற்க முடிகிறது!

ஆயினும் அருவியின் மனம் மேலே, செண்பகாதேவியும் தேனருவியும் உள்ள காட்டில் இருக்கிறது. கீழே வெயில் காயும்போதே அங்கே மழை கொட்டலாம். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வந்த காட்டுவெள்ளம், 17 வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு போயிற்று. காவலர் விசில் ஊதினால், "இன்னும் ஒரே ஒரு முழுக்கு!" என்று கெஞ்சுவது நம் வழக்கம். பாறையையே குடைந்த நீருக்கு நம் தலை எம்மாத்திரம்? விசில் கேட்டதும் கரையேறிவிடுவோம். வெள்ளம் வடிந்தபின் மறுபடி நீராடலாம்.