குதிரை எத்தனை?

ஸ்பீட் போட் வாங்கும் உத்தேசம் உங்களில் யாருக்கும் இருக்காது என்று நம்பி இதை எழுதுகிறேன். எனக்கும் கிடையாது. காவிரியிலேயே முழங்காலுக்கு மேல் இறங்காத ஆள் நான். ஆனால் முப்பத்திரண்டு வருஷம் பம்ப்செட், டீசல் எஞ்சின் என்று கிரீஸ் கையோடு சம்பாதித்தவன் என்பதால், மிக்ஸி ரிப்பேரிலிருந்து விமான விபத்து வரை சொந்தக்காரர்கள் என்னிடம்தான் விளக்கம் கேட்பார்கள். அப்படித்தான் அமெரிக்காவில், ஃப்ளோரிடாவின் டாம்பாவில் இருக்கும் அக்கா பையன் ஒருநாள் போனில் கேட்டான்.

"மாமா, பத்தொன்பது அடி போட். பழைய எஞ்சின் போயிடுச்சு. புதுசா 150 ஹெச்.பி. ஃபோர் ஸ்ட்ரோக் போடலாமா? இல்ல, ஃப்ரெண்டு ஒருத்தன் 250 ஹெச்.பி. எவின்ரூட் சல்லிசா தர்றேங்கறான், அதை மாட்டிரலாமா?"

150 எங்கே, 250 எங்கே! நீங்களாக இருந்தாலும் எந்தப் பக்கம் சாய்வீர்கள் என்று எனக்குத் தெரியும்.

அவுட்போர்டு மோட்டார் என்பது படகின் பின்பலகையில் வெளியே தொங்கும் எஞ்சின். மேலே எஞ்சின், நடுவில் நீள ஷாஃப்ட், கீழே தண்ணீருக்குள் கியரும் ப்ரொப்பெல்லரும். மொத்தத்தையும் கழற்றி வேறு படகில் மாட்டலாம். இதை வெற்றிகரமான வியாபாரமாக்கியவர் ஓலே எவின்ரூட் என்ற நார்வேக்காரர். அமெரிக்காவில் ஓர் ஏரிக்கரைப் பிக்னிக்கில் காதலி ஐஸ்கிரீம் கேட்டாளாம். இவர் துடுப்புப் போட்டுப் போய் வாங்கி வருவதற்குள் வெயிலில் எல்லாம் உருகிவிட்டதாம். அந்த ஆத்திரத்தில் மோட்டார் செய்தார் என்பது கதை. எவ்வளவு நிஜமோ, 1909-ல் மில்வாக்கியில் கம்பெனி ஆரம்பித்தது நிஜம். முதல் மோட்டாருக்கு ஒன்றரைக் குதிரை சக்தி.

இன்று? மெர்குரி கம்பெனி 2021-ல் 600 குதிரை வெராடோ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பன்னிரண்டு சிலிண்டர், 7.6 லிட்டர். நம் ஊர்க் கார்களில் அரைடஜனை ஒன்றாகக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி. எஞ்சின் திரும்பாது, கீழே கியர்ப்பெட்டி மட்டும் திரும்பும். காரில் இருப்பதுபோல இரண்டு ஸ்பீடு ஆட்டோமேட்டிக் கியர் வேறு. இதுதான் உலகத்திலேயே வேகமானதாக இருக்கும் என்று நினைப்பீர்கள். எடையைப் பாருங்கள். 572 கிலோ! அதே கம்பெனியின் ரேஸிங் பிரிவு 2019-ல் விட்ட 450 ஆர் என்ற மோட்டாரின் எடை 313 கிலோ. வகுத்துப் பாருங்கள். கிலோவுக்கு முன்னதில் ஒரு குதிரைக்குக் கொஞ்சம் மேல், பின்னதில் கிட்டத்தட்ட ஒன்றரை. 600 என்பது நாற்பது அடி, ஐம்பது அடிப் படகுகளை இழுக்கும் மாடு. பந்தயக் குதிரை 450தான். சுசூகியின் 350-ல் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுற்றும் இரண்டு ப்ரொப்பெல்லர் உண்டு. கனத்த படகை நேராகப் பிடித்துத் தள்ள அது கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. ஆக, 'எது பெஸ்ட்' என்று கேட்பதே தப்பு. 'எந்தப் படகுக்கு' என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

இன்னொரு சங்கதி, விற்பவர்கள் வாய் திறந்து சொல்லமாட்டார்கள். விரைவுப் படகு ஒரு கட்டத்துக்கு மேல் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போவதில்லை. மேலே ஏறி வழுக்கிக்கொண்டு போகிறது. அப்படிப் போகும்போது குதிரையை இரட்டித்தால் வேகம் இரட்டிக்காது, சுமார் 41 சதவீதம்தான் கூடும். க்ரௌச் என்ற அமெரிக்கப் படகு வடிவமைப்பாளரின் பழைய ஃபார்முலா இது. சக்தியை எடையால் வகுத்து வர்க்கமூலம் எடுக்க வேண்டும். மருமகனுக்குக் கணக்குப் போட்டேன். 150-ல் மணிக்கு 72 கிலோமீட்டர் போகிற படகு 250-ல் 93 போகும். கூடுதலாக நூறு குதிரைக்குத் தீனி போட்டு, கிடைப்பது இருபத்தொரு கிலோமீட்டர். அதிலும் எவின்ரூட் முப்பது கிலோ சொச்சம் கூட கனம் என்பதால், இன்னும் கொஞ்சம் கழித்துக்கொள்ள வேண்டும்.

அந்த 72 எங்கிருந்து வந்தது? இதை நீங்களே பேப்பரில் போட்டுப் பார்க்கலாம், சுவாரஸ்யமானது. எஞ்சின் நிமிஷத்துக்கு 6000 சுற்று. கியர் அதைப் பாதியாக்குகிறது, ப்ரொப்பெல்லர் 3000 சுற்று. ப்ரொப்பெல்லரில் 'பிட்ச்' என்று ஓர் அளவு பொறித்திருப்பார்கள். மரத்தில் ஸ்க்ரூ முடுக்குகிறோமே, ஒரு சுற்றுக்கு எவ்வளவு உள்ளே போகிறது, அதுதான் பிட்ச். 18 இஞ்ச் என்று வைத்துக்கொள்வோம். 3000 சுற்றுக்கு 1371 மீட்டர். மணிக்கு 82 கிலோமீட்டர். ஆனால் தண்ணீர் மரம் இல்லையே, வழுக்கும். வழுக்கலுக்குப் பன்னிரண்டு சதவீதம் கழித்தால் 72. பிட்ச்சை ஒரு இஞ்ச் கூட்டினால் எஞ்சின் சுற்று 150-லிருந்து 200 வரை குறையும். ரொம்பக் கூட்டினால் எஞ்சின் முக்கும், குறைத்தால் அலறும். பொருத்தமில்லாத ப்ரொப்பெல்லர் மாட்டிய 250-ஐ, சரியாக மாட்டிய 200 முந்திவிட்டுப் போவது நடக்கிற காரியம்தான். எஞ்சினை ஒரு இஞ்ச் உயர்த்தி மாட்டினாலே, தண்ணீருக்குள் இழுபடும் பாகம் குறைந்து வேகம் கூடும். அளவு மீறி உயர்த்தினால் குளிர்விக்கும் தண்ணீர் ஏறாமல் எஞ்சின் வெந்துபோகும்.

மருமகன் விடவில்லை. "எவின்ரூட் டூ ஸ்ட்ரோக் மாமா. முறுக்கினா சும்மா பிய்ச்சுக்கிட்டுப் போகுமாம்." அது பொய்யில்லை. ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் வெடிப்பு. டூ ஸ்ட்ரோக்கில் சுற்றுக்குச் சுற்று வெடிப்பு. நின்ற இடத்திலிருந்து கிளம்பித் தண்ணீர்மேல் ஏறுவதில் டூ ஸ்ட்ரோக்குக்கு ஒரு தனி உதைப்பு உண்டு. பழைய கார்புரேட்டர் டூ ஸ்ட்ரோக்குகள் கால்வாசிப் பெட்ரோலை எரிக்காமலேயே ஏரியில் துப்பின. 1996-ல் அமெரிக்க அரசு புகைக் கட்டுப்பாடு கொண்டுவந்ததும் ஃபோர் ஸ்ட்ரோக்குக்குச் சுக்கிரதிசை ஆரம்பித்தது. எவின்ரூட் டூ ஸ்ட்ரோக்கை விடாமல், பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சி, அந்தக் கட்டுப்பாட்டையும் சமாளித்து நன்றாகவே ஓடியது. நடுவில் 2000-ல் தாய்க் கம்பெனி திவாலானது. வாங்கிய புது முதலாளியும் 2020 மே மாதம் உற்பத்தியை நிறுத்திவிட்டார். 111 வருஷம். ஐஸ்கிரீம் கதையோடு ஆரம்பித்த பெயரில் இன்று புது எஞ்சின் வருவதில்லை. எஞ்சின் பிடித்தவன் என்ற முறையில் எனக்கு அதில் வருத்தம்தான்.

"சரி, படகுக்குள்ள ஒரு தகடு அடிச்சிருப்பானே, அதுல என்ன போட்டிருக்கு, படி" என்றேன். அமெரிக்காவில் இருபது அடிக்குக் குறைந்த மோட்டார் படகுகளில், எத்தனை பேர், எத்தனை எடை, அதிகபட்சம் எத்தனை குதிரை என்று தகடு இருந்தாக வேண்டும். போய்ப் பார்த்துவிட்டு வந்து, சன்னமான குரலில் "150" என்றான். அவனுக்கு ஏழு வயதில் ஒரு பெண். படகின் முன்நுனியில்தான் உட்காருவேன் என்று அடம் பிடிப்பாளாம். அதற்குப் பிறகு 250 பேச்சை நானும் எடுக்கவில்லை, அவனும் எடுக்கவில்லை. 150-ஐ வாங்கிவிட்டான்.

வாங்கியவனிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "கயித்தைக் கையில மாட்டறியா?"

ப்ரோஷரில் கடைசிப் பக்கத்தில்கூட இருக்காது. ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு க்ளிப், அதிலிருந்து சுருள் சுருளாகச் சிவப்புக் கயிறு. ஓட்டுகிறவர் அதை மணிக்கட்டிலோ லைஃப் ஜாக்கெட்டிலோ மாட்டிக்கொள்ள வேண்டும். அலை தூக்கி ஆளை வெளியே எறிந்தால், கயிறு க்ளிப்பைப் பிடுங்கும், எஞ்சின் நிற்கும். மாட்டாவிட்டால்? ஆளில்லாத படகு நேராகப் போய்த் தொலையாது. ப்ரொப்பெல்லரின் முறுக்கலில் எஞ்சின் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொள்ளும். படகு வட்டமடிக்கும். விழுந்தவன் மிதக்கிற இடத்துக்கே திரும்ப வரும். மறுபடி வரும். மூன்று இதழ் ப்ரொப்பெல்லர் நிமிஷத்துக்கு 3000 சுற்று என்றால், ஒரு விநாடிக்கு 150 வெட்டு. இதற்கு மேல் வர்ணிக்க எனக்கு இஷ்டமில்லை. அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைந்த படகுகளில் வேகமாக ஓட்டும்போது இதை மாட்டியே ஆக வேண்டும் என்று 2021 ஏப்ரல் 1 முதல் சட்டம். அதற்கு அவ்வளவு வருஷம் ஆனதுதான் எனக்கு ஆச்சரியம்.

இந்தக் கயிற்றை நான் முதலில் பார்த்தது அமெரிக்க ப்ரோஷரில் அல்ல, குளச்சலில். 2005-ல், சுனாமியில் உப்புத் தண்ணீர் குடித்த எஞ்சின்களைப் பிரித்துக் கழுவ ஆள் வேண்டும் என்று நாலு பேராகப் போயிருந்தோம். அங்கே வள்ளங்களில் ஓடுவது பெரும்பாலும் 9.9 குதிரை அவுட்போர்டு. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஓர் எஞ்சினில் சிவப்புக் கயிறு இருந்தது, ஆனால் கைப்பிடியோடு சேர்த்து இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது. ஏன் என்று கேட்டேன். எஞ்சினின் சொந்தக்காரர், அறுபது வயதிருக்கும், கையைக் காட்டினார்.

"இதக் கையில கெட்டிட்டு வலை இழுக்க முடியுமா சாரே? வலையில மாட்டி எஞ்சின் நின்னுச்சுன்னா, அல வந்து வள்ளத்தைக் கவுத்திரும்லா."

"வலை இழுக்கறப்ப கழட்டிடுங்க. ஓடறப்ப மட்டும் மாட்டிக்குங்களேன்" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். குனிந்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். உப்பில் இறுகிப்போய் அவிழவில்லை. பையனைக் கூப்பிட்டுக் கத்தி கொண்டுவரச் சொன்னார்.