குச்சிக்கிழங்கை முறிக்காதீங்க

வாழப்பாடியில் காய்கறி வாங்கப் போகும்போதெல்லாம் யாராவது குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, முறித்துப் பார்ப்பார்கள். எனக்கு மனசு பதறும். சதை வெள்ளையா என்று பார்ப்பது நியாயம்தான். ஆனால் முறிந்த இடத்தில் காற்றுப் பட்டால் கெடுதல் தொடங்கிவிடும். பிடுங்கிய இரண்டு மூன்று நாளிலேயே உள்ளே நீலக்கருப்புக் கோடு ஓடும் கிழங்கு அது. கொஞ்சம் தண்டோடு வெட்டி, அடிபடாமல், ஈரமணலில் புதைத்து வைத்தால் இன்னும் சில நாள் தாங்கும். கோஸ்டாரிகாவில் ஏற்றுமதிக் கிழங்குக்கு மெழுகே பூசுகிறார்கள்.

ஜவ்வரிசி ஆலைக்குப் போகும் கிழங்குக்கு மாவுச்சத்து எவ்வளவு என்று ‘பாயிண்ட்’ கணக்கில் பார்த்து விலை. ஜவ்வரிசியை விற்றுத்தர சேலத்தில் 1981 முதல் சேகோசர்வ் கூட்டுறவு இருக்கிறது. ஆனால் சில்லறைக் கிழங்குக்கு விற்பவர் கை மட்டும்தான் காவல். கடைக்காரரே ஒன்றை முறித்துக் காட்டட்டும். மற்றதில் கை வைக்காதீங்க.