ஆமை என்று நான் பெயர் வைத்த பிள்ளை



மகள் வீட்டில் நான்கு மாதம் இருந்துவிட்டு லண்டனிலிருந்து திரும்பியதும், "சார், என்னென்ன பார்த்தீங்க?" என்று பலர் கேட்டீர்கள். அரண்மனை, பாலம் எல்லாம் பார்த்தேன். படங்களும் போட்டாயிற்று. படம் எடுக்க முடியாத ஒன்றைப் பற்றி இன்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அக்கா மகன் ஈஸ்ட் ஹாமில் மளிகைக் கடை வைத்திருக்கிறான். கறிவேப்பிலையிலிருந்து இட்லி அரிசி வரை எல்லாம் கிடைக்கும். நான் போயிருந்த நேரம் அவன் முகமே சரியில்லை. கேட்டால், "ஒண்ணுமில்லை மாமா, பில்டிங் ஓனர் ஒரு லெட்டர் அனுப்பியிருக்கார். பேசிக்கலாம்" என்றான். வாங்கிப் பார்த்தேன். குத்தகையைப் புதுப்பிக்க மாட்டேன், அந்த இடத்தில் நானே வியாபாரம் செய்யப் போகிறேன் என்பது அதன் சாரம். ஏழு மாதமாக மேசை டிராயரில் கிடந்திருக்கிறது!

அங்கே என் பழைய மாணவி ஒருத்தி சாலிசிட்டராக இருக்கிறாள். இங்கிலாந்தில் வழக்கறிஞர்களில் இரண்டு வகை. பாரிஸ்டர் பெரும்பாலும் கோர்ட்டில் நின்று வாதாடுபவர். சாலிசிட்டர் கட்சிக்காரரோடு உட்கார்ந்து, பத்திரம் படித்து, நோட்டீஸ் அனுப்பி, வழக்கை நடத்துபவர். இவள் பார்ப்பது கடை, கிடங்கு, அலுவலகக் குத்தகைத் தகராறுகள். கூடவே வியாபாரிகளின் மின்சார, எரிவாயு ஒப்பந்தத் தகராறுகள்.

போன் போட்டேன். நலம் விசாரித்து முடித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "சார், அந்த நோட்டீஸ்ல குத்தகை முடியற தேதின்னு என்ன போட்டிருக்கு?" சொன்னேன். எண்ணிப் பார்த்தால் இன்னும் 19 நாள்தான். "நாளைக்குக் காலையில எல்லாக் காகிதத்தையும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க சார். பையில அள்ளிப் போட்டுக்கிட்டு வந்தாலும் சரி."

நானும் கூடப் போனேன். அறுபது பக்கத்துக்கு மேல் இருக்கும் அந்தக் குத்தகைப் பத்திரம். வரிக்குக் கீழே விரலை வைத்து, முதல் பக்கத்திலிருந்து படித்தாள். இவன் நெளிந்தான். அவள் நிமிரவே இல்லை.

எனக்கு அந்த விரல் ஞாபகம் வந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். நம் ஊராட்சி ஒன்றியப் பள்ளி, ஐந்தாம் வகுப்பு. தேர்வில் மற்றப் பிள்ளைகள் தாளை வாங்கியதும் எழுத ஆரம்பித்துவிடுவார்கள். இவள் மட்டும் கடைசிக் கேள்வி வரை விரல் வைத்துப் படித்துவிட்டுத்தான் பேனாவைத் திறப்பாள். மணி அடிக்கும்போது ஒரு கேள்வி பாக்கி இருக்கும். "ஆமை" என்று பெயர் வைத்தேன். வகுப்பே சிரித்தது. அந்த வருஷம் முழுக்க அதுதான் அவள் பெயர்.

படித்து முடித்து நிதானமாக விளக்கினாள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. கடை நடத்தும் குத்தகைதாரருக்கு, காலம் முடிந்தாலும் புதுக் குத்தகை கேட்கும் உரிமையை அது கொடுக்கிறது. நம் ஊர் 11 மாத ஒப்பந்தம் போல, முடிந்தால் காலி செய் என்பதில்லை. உரிமையாளர் மறுப்பதானால் சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்றைக் காட்ட வேண்டும். ஆனால் நோட்டீஸில் சொன்ன தேதிக்குள் குத்தகைதாரர் கோர்ட்டுக்குப் போகாவிட்டால் உரிமை போய்விடும். "நல்லவர், பேசிக்கலாம்" என்று இவன் இன்னும் மூன்று வாரம் இருந்திருந்தால், ஒன்பது வருஷ உழைப்பு தெருவுக்கு வந்திருக்கும்.

அடுத்து, "ஓனர் இந்தக் கட்டடத்தை எப்ப வாங்கினார்?" என்றாள். பதிவேட்டில் பார்த்தால் மூன்று வருஷம்தான் ஆகிறது. கட்டடத்தை வாங்கி ஐந்து வருஷம் ஆகாதவர் 'எனக்கே வேண்டும்' என்ற காரணத்தைச் சொல்ல முடியாதாம். அந்த வாரமே மனு போட்டாள். நான் ஊர் திரும்பிய பிறகு, வாடகையைக் கொஞ்சம் கூட்டிப் புதுக் குத்தகைக்கு ஓனர் ஒப்புக்கொண்டார்.

மின்சாரக் கதை அவ்வளவு நன்றாக முடியவில்லை. யாரோ ஒரு தரகர் போனில் பேச, இவன் "எஸ், எஸ்" என்றிருக்கிறான். அதுவே மூன்று வருஷ ஒப்பந்தம். வீட்டு இணைப்பு என்றால் மனம் மாற 14 நாள் அவகாசம் உண்டு. வியாபாரத்துக்கு அது கிடையாது. ஒவ்வொரு யூனிட் விலையிலும் தரகரின் கமிஷன் ஒளிந்திருந்தது. சிறு வியாபாரிகளுக்கு அந்தத் தொகையைச் சொல்லியே ஆக வேண்டும் என்ற விதி 2022 அக்டோபரில்தான் வந்தது. இவன் ஒப்பந்தம் அதற்கு முந்தியது. "கமிஷனைக் கேட்டுப் பார்க்கலாம். ஆனா ஜெயிக்கும்னு சொல்ல மாட்டேன் சார்" என்றாள். அது இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது.

"கடையும் கரண்ட்டும் எப்படிம்மா ஒரே மேசைக்கு வந்தது?" என்று கேட்டேன். "இப்ப ரெண்டையும் பிரிக்க முடியாது சார். கட்டடம் எவ்வளவு மின்சாரம் குடிக்குதுன்னு 'ஏ'யிலிருந்து 'ஜி' வரைக்கும் தரம் போடறாங்க. 'ஈ'க்குக் கீழே இருந்தா, விலக்கு வாங்காம 2018லிருந்து புதுசா வாடகைக்கு விட முடியாது. 2023லிருந்து பழைய குத்தகையைக்கூடத் தொடர முடியாது. அதனால சண்டையும் சேர்ந்தேதான் வருது" என்றாள்.

கிளம்பும்போது மருமகனைக் கீழே அனுப்பிவிட்டு, "ஒரு காலத்துல உனக்கு ஒரு பெயர் வச்சேன், ஞாபகம் இருக்காம்மா?" என்றேன். சிரித்தாள். "மறக்குமா சார்? ஆறாவதுக்கு வேற ஸ்கூல் போனதும் முதல்ல சந்தோஷப்பட்டது அதுக்குத்தான். அங்கே யாருக்கும் அது தெரியாது."

விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் படியிறங்கக் கால் வரவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அவளைக் கேலி செய்த அதே வருஷம், சக ஆசிரியர் ஒருவரின் கடனுக்கு நான் படித்துப் பார்க்காமல் ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். இரண்டு வருஷம் என் சம்பளத்தில் பிடித்தார்கள். வீட்டில் யாருக்கும் காரணம் சொல்லவில்லை. உங்கள் டீச்சரம்மாவுக்கே இந்தப் பதிவைப் படித்தால்தான் தெரியும். வேகமாக எழுதச் சொல்லிக்கொடுத்த வாத்தியாருக்கு, நிதானமாகப் படிக்கத் தெரியவில்லை.

ஆகவே பிள்ளைகளே, கையெழுத்துக்கு முன்னால் கடைசி வரி வரை படியுங்கள். தேதி போட்ட கடிதம் வந்தால் டிராயரில் போடாதீர்கள். போனில் "எஸ்" சொல்வதும் கையெழுத்துதான். உங்களில் ஆசிரியராக இருப்பவர்கள், மெதுவாகப் படிக்கும் பிள்ளைக்குக் கூடுதலாக ஐந்து நிமிஷம் கொடுங்கள். பெயர் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

அன்று சிரித்த வகுப்பில் இருந்தவர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள். உங்கள் எல்லோர் முன்னிலையிலும் வைத்த பெயர் அது. எல்லோர் முன்னிலையிலும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். என்னை மன்னித்துவிடு அம்மா.

அன்புடன்,
உங்கள் சார்