ஐந்து சுரங்களும் அண்ணனின் கிற்றாரும்

அண்ணன் 1986 இல் கனடாவுக்குப் புறப்பட்டபோது தமது கிற்றாரை வெள்ளவத்தையில் மாமி வீட்டில் விட்டுச் சென்றார். 2019 இல் ரொறன்ரோவில் அவர் காலமான பின்னரே அது என் கைக்கு வந்தது. துருவேறிய தந்திகளை மாற்றி, ஐம்பது வயதுக்கு மேல் பாடங்கேட்கத் தொடங்கினேன்.

அண்ணன் வாசித்த பாடல்கள் எனக்கு வேண்டியிருக்கவில்லை. பாடலின் நடுவே நினைத்தவாறு தனித்து வாசிப்பாரே, கர்நாடக இசையில் மனோதர்மம் என்போமே, அதுதான் வேண்டியிருந்தது.

ஆசிரியருக்கு வயது இருபத்து நான்கு. முதலில் அவர் தந்தது ஏ மைனர் பென்ரரோனிக்: ஏ, சி, டி, ஈ, ஜி என்னும் ஐந்து சுரங்கள். ஐந்தாம் மெட்டுக்கும் எட்டாம் மெட்டுக்கும் இடையே (வீணைக்காரரின் சொல்லையே எழுதுகிறேன்) தந்திக்கு இரண்டாகப் பன்னிரண்டு இடங்கள். ஏ சுரத்தைச் சட்ஜமாகக் கொண்டால் இவை நமது சுத்த தன்யாசியின் சுரங்களே. அதே ஐந்தையும் சி இலிருந்து தொடங்கினால் மோகனம். கிரகபேதம் என்று பல்கலைக்கழக நாட்களில் காதால் மட்டுமே கேட்ட சொல், விரல் நுனியில் விளங்கிற்று.

நான்கு மாதங்கள் ஏறி இறங்கினேன். வேகமும் வந்தது. ஆனால் ஆசிரியர் பின்னணி வாசித்து, "இனி நீங்கள்" என்றதும் வரிசையையே ஒப்புவித்தேன்.

"சேர், நீங்கள் பேப்பரில அ, ஆ, இ, ஈ எண்டோ எழுதுறனீங்கள்?" என்றார்.

கோபம் வந்தது. பயிலுநர் நிருபர்களிடம் முப்பது ஆண்டுகளாக நான் சொல்லிவந்ததும் ஏறத்தாழ இதுவே என்பதால், அடக்கிக்கொண்டேன்.

மூன்று சுரங்களுக்கு மேல் தொடக்கூடாது, ஒரு வசனம் முடிந்தால் மூச்சுவிட இடம் விடவேண்டும் என்றார். பீ.பீ. கிங்கை (1925-2015) கேட்கச் சொன்னார். அம்மனிதர் ஒரே சுரத்தை இழுத்து அதிரவைத்து வேலையை முடித்துவிடுகிறார். நல்லதொரு தலைப்பாசிரியராக வந்திருப்பார்.

ஓர் இரவு, மூன்றாந் தந்தியின் ஏழாம் மெட்டில் டி சுரத்தை ஈ வரை இழுத்து, தளர்த்தி, சி ஊடாக ஏ இல் இறங்கினேன். கை நின்றுவிட்டது. அண்ணன் அடிக்கடி வாசித்தது இது. புளூஸ் வாசிப்பவர்கள் எல்லோரிடமும் உள்ள சாதாரண வசனந்தான் என்று ஆசிரியர் பின்னர் சொன்னார். இருக்கட்டும்.

மாமிக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். சிறிது நேரம் பேச்சில்லை.

"கொண்ணன் வாசிக்கிறது போலத்தான் கிடக்கு, தம்பி. ஆனால் அவன் கடைசியில இன்னும் கொஞ்சம் நடுங்க விடுவான்."

அந்த நடுக்கம் இன்னும் என் விரலுக்கு வரவில்லை.