வாங்காத பொட்டலம்

அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்த காலத்தில் என் இடுப்பில் எப்போதும் ஒரு சாவி இருக்கும். மார்ஃபின், பெத்தடின் வைத்திருந்த அலமாரியின் சாவி. ஒரு ஆம்பியூல் வெளியே போனால் யாருக்கு, எந்த வார்டு, எந்த டாக்டர் கையெழுத்து என்று பதிவேட்டில் ஏற வேண்டும். உடைந்ததற்கும் கணக்கு உண்டு. வீட்டில் பால் கணக்கு கூட ஒழுங்காக எழுதாதவன், இதில் ஒருநாளும் தவறியதில்லை. பயம்தான்.

1996 வாக்கில் ஒரு மதியம். ஓ.பி. கூட்டம் கலைந்த பிறகு ஒரு அம்மா வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, சிகரெட் பெட்டித் தாளில் மடித்த பொட்டலத்தை எடுத்தார்.

"பையன் சட்டையைத் துவைக்கும்போது கிடைச்சுது சார். இது என்னன்னு மட்டும் டெஸ்ட் பண்ணிச் சொல்லுங்க. அவங்க அப்பாவுக்குத் தெரியாது."

உள்ளே பழுப்புத் தூள்.

நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டப்படி, மருத்துவம், ஆராய்ச்சி போன்ற காரியங்களுக்குக்கூட அனுமதித்த முறையில்தான் இவற்றைக் கையில் வைத்திருக்கலாம். என் அனுமதி அந்த அலமாரியோடு சரி. அது ஹெராயினாக இருந்து என் மேஜையில் அகப்பட்டால், அன்றைய சட்டத்தில் குறைந்தது 10 ஆண்டு சிறை, 1 லட்சம் அபராதம். சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த சிறு அளவு என்றால் தண்டனை குறைவு. அப்படி நான் சொல்லிக்கொள்ள முடியுமா?

போலீஸ் பிடித்த சரக்கென்றால் எல்லாவற்றுக்கும் விதி இருந்தது. கஞ்சா, அபின் என்றால் 24 கிராம், மற்றவற்றில் 5 கிராம், இரண்டிரண்டு மாதிரி, 72 மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்கு. (2022-இல் வந்த விதிகளில் மாதிரி எடுப்பதே மாஜிஸ்திரேட் முன்னிலையில் என்றாகிவிட்டது.) ஒரு தாயார் முந்தானையில் முடிந்து கொண்டுவருவதை எங்கே அனுப்புவது என்று எனக்கு வந்த எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. தடய அறிவியல் ஆய்வகத்துக்கு நான் அனுப்ப முடியாது. போலீஸ் மூலம் போனால் பையன் பெயரும் கூடவே போகும்.

டியூட்டி டாக்டரிடம் ஓடினேன். "தூளை விடுங்க. பையனைக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க. தானா சிகிச்சைக்கு வந்தா வழக்கிலிருந்து விலக்குக் கொடுக்க அதே சட்டத்துல இடம் இருக்கு" என்றார்.

அதைச் சொல்லத் திரும்பி வந்தால், ஜன்னலில் யாரும் இல்லை. நான் போலீசுக்குப் போன் செய்யத்தான் உள்ளே போனேன் என்று நினைத்திருப்பார். கேட் வரைக்கும் போய்ப் பார்த்தேன். பஸ் கிளம்பியிருந்தது.

அவர் பெயரை நான் கேட்கவே இல்லை.