கார்கி வேண்டுமா, இரண்டாவது நாய் வேண்டுமா?

குட்டைக் கால், நரி மூஞ்சி, முயல் மாதிரி நிமிர்ந்த காது, பின்பக்கம் மட்டும் சுடச்சுட வெந்த பன் போல. கார்கி நாயை வீடியோவில் பார்த்துவிட்டு மனசு இளகாதவர்கள் குறைவு. என் தங்கை அந்தக் குறைவானவர்களில் ஒருத்தி இல்லை. ப்ளஸ் டூ முடித்ததும் ஒரு கார்கி வேண்டும் என்று அப்பாவிடம் மனு போட்டாள். அப்பா, "அண்ணன் பி.காம் தானே படிக்கிறான், கணக்கு போட்டுச் சொல்லட்டும்" என்று ஃபைலை என் பக்கம் தள்ளிவிட்டார். அதனால் ஒரு மாதமாக எனக்கு ஆடிட் வேலை :)

எங்கள் வீட்டில் ஏற்கெனவே சின்னு இருக்கிறாள். நாட்டு நாய், ஆறு வயசு, கருத்தடை ஆனவள். அப்பா, அம்மா, தங்கை, நான், 76 வயசுப் பாட்டி. திருச்சியில் இரண்டு படுக்கையறை வீடு, வாசலில் கொஞ்சம் இடம், மொட்டை மாடிக்கு 18 படி. இவ்வளவுதான் எங்கள் சாம்ராஜ்யம்.

சாம்ராஜ்யம் என்றதும் ராணி ஞாபகம் வருகிறது. கார்கியை உலகத்துக்குத் தெரிய வைத்தது இங்கிலாந்து ராணி இரண்டாம் எலிசபெத் தான். 1933ல் அவருடைய அப்பா (அப்போது மன்னர் ஆகவில்லை) டூக்கி என்ற கார்கியை வீட்டுக்குக் கொண்டு வந்தார். 1944ல் 18வது பிறந்த நாளுக்கு எலிசபெத்துக்கு சூசன் என்ற குட்டி கிடைத்தது. 2022ல் அவர் இறக்கும் வரை வளர்த்த கார்கிகள் 30க்கும் மேல், பெரும்பாலானவை சூசன் வம்சம். சரி, அரண்மனையில் முடி பெருக்க ஆள் இருந்தார்கள். எங்கள் வீட்டில் அம்மா இருக்கிறார்.

உண்மையில் கார்கி அரண்மனை நாயே இல்லை. வேல்ஸ் நாட்டு விவசாயிகளின் மாடு ஓட்டுகிற நாய். மாட்டின் குதிகாலைக் கவ்வி நகர்த்துவதுதான் அதன் உத்தியோகம். மாடு உதைத்தால் உதை தலைக்கு மேலே போய்விடும், அதற்குத்தான் அந்தக் குட்டைக் கால் உதவியது. பெம்ப்ரோக், கார்டிகன் என்று இரண்டு வகை. 1934ல் தான் இங்கிலாந்தின் கென்னல் கிளப் இரண்டையும் தனித்தனி இனமாகப் பிரித்தது. கார்டிகனுக்கு நீள வால் உண்டு. வீடியோக்களில் நாம் பார்ப்பது பெரும்பாலும் பெம்ப்ரோக். உயரம் ஓர் அடிக்குள், எடை 12, 13 கிலோ. அதாவது ஓர் அரிசிச் சிப்பத்தில் பாதி. மடியில் வைத்துக் கொஞ்சும் பொம்மை என்று நினைக்க வேண்டாம்.

கணக்குப் போட உட்கார்ந்தபோதுதான் ஒரு விஷயம் புரிந்தது. தங்கையின் மனுவில் இருந்தது ஒரு கேள்வி இல்லை, இரண்டு கேள்வி. ஒன்று, இந்த வீட்டுக்கு இரண்டாவது நாய் தேவையா? இன்னொன்று, அது கார்கியாக இருக்கலாமா? இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் அழகான மூஞ்சி இரண்டுக்கும் சேர்த்து பதில் சொல்லிவிடும்.

நல்ல வேளையாக எங்களுக்கு ஒரு ஒத்திகை கிடைத்தது. கோயம்புத்தூர் மாமா வீட்டில் பிஸ்கட் என்று மூன்று வயசு ஆண் கார்கி இருக்கிறது. போன தை மாதம் அவர்கள் டெல்லிக்குக் கல்யாணத்துக்குப் போனார்கள். ஒன்பது நாள் பிஸ்கட் எங்கள் வீட்டில் தங்கினான்.

முதல் கேள்விக்கு சின்னுவே பதில் சொன்னாள். மாமா சொல்லிக் கொடுத்தபடி இருவரையும் வீட்டுக்குள் சந்திக்க விடவில்லை. வாசலைத் தாண்டி, இருவருக்கும் சொந்தமில்லாத மைதானத்தில், ஆளுக்கு ஒரு சங்கிலி பிடித்து, கொஞ்சம் இடைவெளி விட்டு ஒரே திசையில் நடத்தினோம். அரை மணி நேரத்தில் மோப்பம் பிடித்து முடித்தார்கள். சாப்பாட்டுத் தட்டு தனித்தனி அறையில். பந்து, எலும்பு எல்லாம் பரண் மேல். இரண்டாம் நாள் மட்டும் அம்மாவின் காலடியில் யார் படுப்பது என்று சின்னு ஒரு முறை உறுமினாள், அவன் நகர்ந்துவிட்டான். நாலாம் நாள் பார்த்தால் பகல் முழுக்க கேட்டருகே தனியாகப் படுத்திருக்கும் சின்னு, வாலை ஆட்டிக்கொண்டு வாசலில் ஓடுகிறாள்! நாங்கள் காலேஜ், கடை, ஸ்கூல் என்று போனபிறகு அவள் பொழுது எப்படிப் போகிறது என்று அதுவரை யாரும் யோசித்ததில்லை. ஆக, இரண்டாவது நாய்க்கு சின்னு ஓட்டு போட்டாகிவிட்டது.

இரண்டாவது கேள்விக்கு பதில் பாட்டியின் காலில் இருந்தது.

பாட்டி கைத்தடியோடு நடப்பவர். அவர் சமையலறையிலிருந்து கூடத்துக்குக் கிளம்பினால் பிஸ்கட்டுக்கு அது வழி தவறிய மாடு. பின்னாலேயே வந்து புடவை ஓரத்தைக் கவ்வுவான், குறுக்கே போய் நிற்பான், குலைப்பான். கெட்ட எண்ணம் இல்லை, ரத்தத்தில் ஊறிய வேலை. பழக்கினால் குறையும், அவன் புத்திசாலி, மாமா சொன்னால் உடனே நிறுத்துவான். ஆனால் பகலில் வீட்டில் பாட்டியும் அம்மாவும்தான். முழங்கால் உயரத்துக்குக் கீழே ஓடும் நாய் பாட்டியின் கண்ணிலேயே படாது. ஒரு நாள் நிலைப்படி அருகே தடுமாறி சுவரைப் பிடித்துக்கொண்டார். "ஒண்ணுமில்லடா, குழந்தை விளையாடுது" என்றார். எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. இந்த வயசில் இடுப்பு எலும்பு உடைந்தால் என்ன ஆகும் என்பதற்கு எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் பத்தி கிடையாது.

மற்றவற்றையும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

முடி: இரட்டை அடுக்கு ரோமம். வருஷம் முழுக்க உதிரும், வருஷத்தில் இரண்டு முறை கொட்டோ கொட்டென்று கொட்டும். ஒன்பது நாளில் அப்பாவின் வேட்டி கம்பளி ஆனது.

வெயில்: தையில் தப்பித்தோம். சித்திரை, வைகாசியில் மாமா வீட்டில் பகலில் ஏசி ஓடுகிறது. எங்களிடம் இருப்பது ஒரே ஏசி, அதுவும் ராத்திரிக்கு மட்டும்.

முதுகு: குட்டைக் காலுக்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2009ல் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். இப்படி நீள முதுகும் குட்டைக் காலும் உள்ள இனங்களுக்கு முதுகெலும்புத் தட்டு நழுவும் ஆபத்து உண்டு. உடம்பு போட்டால் இன்னும் மோசம், கார்கிக்கோ தின்னுவதில் கட்டுப்பாடே கிடையாது. மொசைக் தரையும் 18 படியும் அதற்கு உகந்தவை இல்லை.

பணம்: சாப்பாடு, தடுப்பூசி, உண்ணி மருந்து, டாக்டர் எல்லாம் சேர்த்து மாமாவுக்கு சராசரியாக மாதம் 5,000 ரூபாய் ஆகிறது. கார்கி 12 வருஷம் வாழும் என்று வைத்தால் 7,20,000. விலைவாசி ஏற்றம் சேர்க்காமல்! குட்டியின் விலையைப் பற்றி மட்டுமே எல்லோரும் விசாரிக்கிறார்கள். அது அட்மிஷன் ஃபீஸ் மாதிரி, மெஸ் பில் பின்னால் வரும்.

ஆக என் ரிப்போர்ட்: இரண்டாவது நாய், சரி. கார்கி, இப்போது வேண்டாம். தெருமுனை டீக்கடை வாசலில் ஒரு செவலை நாய் இருக்கிறான், சாதுவானவன், வயசு மூன்று நாலு இருக்கும். காலை நடையில் சின்னுவுக்கு ஏற்கெனவே சிநேகிதம். பாட்டியைப் பார்த்தால் எழுந்து வழி விடுவான். தடுப்பூசியும் கருத்தடையும் முடித்து அவனை அழைத்து வரலாம் என்று எழுதிக் கொடுத்தேன். தங்கை இரண்டு நாள் பேசவில்லை. பிறகு, "நான் வேலைக்குப் போய் என் வீட்டில் வளர்ப்பேன், அப்ப நீ கணக்கு கேட்கக் கூடாது" என்றாள். கேட்க மாட்டேன். சொல்லப் போனால் பிஸ்கட் ஊருக்குப் போன அன்று எனக்கும் சோறு இறங்கவில்லை.

உங்கள் வீட்டில் பாட்டி இல்லாமல் இருக்கலாம், மாடிப்படி இல்லாமல் இருக்கலாம், பகலில் ஓடி விளையாட ஆள் இருக்கலாம். அப்படியானால் உங்கள் விடை வேறாக வரும், கார்கி அருமையான நாய்தான். முடிந்தால் தெரிந்தவர் நாயை ஒரு வாரம் வீட்டில் வைத்துப் பாருங்கள். வாங்குவதானால் தாய் நாயை நேரில் காட்டுகிறவரிடம் மட்டும் வாங்குங்கள். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று 2017ல் வந்த மத்திய அரசு விதியே இருக்கிறது, அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், வீட்டில் ஏற்கெனவே இருக்கிற நாயையும், வீட்டில் மெதுவாக நடக்கிறவரையும் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து கவனியுங்கள். பாதி விடை அங்கேயே கிடைக்கும்.